பிள்ளைகளைத் தேடும் ஊர்களிலிருந்து: பாரிஸ் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர்களே, செயலாளர்களே, வாரந்தோறும் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களே,

வணக்கம்.

இதையே தனிமடலாக உங்களில் சிலருக்கு முன்பு எழுதினேன். கலைவிழா, விளையாட்டுப் போட்டி, ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பதில் வராததில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் ஒரு சங்கத்தின் கோப்புக்குள் கிடந்து மக்கிப்போக வேண்டிய விஷயமில்லை இது. ஆகவே எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வாடகை கட்டுபடியாகாமல், ஒரே அறையில் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு, 'அண்ணா, எங்கேயாவது ஒரு வீடு பார்த்துத் தாருங்கள்' என்று வரும் குடும்பங்களுக்கு லா கூர்நெவ், சார்செல், போபினி என்று அதே பாரிஸ் புறநகர்ப் பட்டியலைத்தான் நீட்டுகிறீர்கள். அந்தப் பட்டியலில் ஊர்ப்புறப் பிரான்சையும் சேருங்கள். சேர்ப்பதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை வந்து பாருங்கள். கேட்பது இவ்வளவுதான். இதை ஒரு பொதுக்கூட்டத்தில் எழுந்து சொன்னபோது, 'மாடு மேய்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்; மண்டபமே சிரித்தது. மாடு வளர்ப்பவர்களை எனக்கு இங்கே நன்றாகத் தெரியும். கடனுக்கும் கால்நடைக்கும் நடுவே அவர்கள் படும் பாடு சாமானியமானதல்ல. ஆனால் அதைச் சிரிப்புக்குரிய தொழிலாக இங்கே ஒருவரும் நினைப்பதில்லை.

நான் இருப்பது நடுப் பிரான்சின் க்ரூஸ் மாவட்டத்தின் தெற்கே, மில்வாஷ் பீடபூமி தொடங்கும் இடத்தில். பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் லா சூத்தரேன் வரை மூன்று மணி நேரம் அளவில் ஆகும், அதற்கப்பால் கார்தான். ஊரின் பெயரை எழுதவில்லை. நமக்குப் புரியாத மொழியில் நம்மைப் பற்றி என்னவோ எழுதியிருக்கிறானே என்று அயலவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் ஒபுசோன். சித்திரக் கம்பள நெசவுக்குப் பேர்போன இடம்; அந்தக் கலையை 2009-இல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெரிய ஊர் என்கிறேனே தவிர, பாரிசில் நம் கடைகள் நிறைந்த லா ஷப்பல் தெருக்களில் சனிக்கிழமை மாலை நடமாடும் கூட்டத்தை அங்கே கொண்டுபோய் இறக்கினால் ஊர் தாங்காது.

நிலத்தைச் சொல்லாமல் ஊரைச் சொல்ல முடியாது. இது கருங்கல் நிலம். வீட்டுச் சுவர், கிணற்றுக் கட்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி, வயலுக்கு நடுவே கிடக்கும் உருண்டைப் பாறை, எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கல். மழைக்குக் குறைவில்லை. சரிவுகளில் ஊற்று, பள்ளங்களில் கால் வைத்தால் அமுங்கும் சதுப்பு. மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே உயிர்வேலிகள்: முள்மரம், ஹேசல், சாம்பல் மரம், குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத ஹோலி. வேலிக்குள் லிமூசின் இனத்துச் செம்பழுப்பு மாடுகள் கன்றுகளோடு நிற்கும். பாலுக்கு வளர்ப்பவை அல்ல, இறைச்சிக்கு. நவம்பர் குளிர் இறுகும்வரை வெளியேதான் கிடக்கும். மே மாதம் வந்தால் வேலியோரமெல்லாம் மஞ்சள் பூத்த புதர்கள். கோடை முடியும்போது மேட்டுப் புல்வெளிகளில் ஊதா நிறத்தில் ஹெதர் பூக்கும். அக்டோபரில் பெரணிகள் துருப்பிடித்த நிறத்துக்கு மாறி, சாலையில் விழுந்த கஷ்கொட்டைகள் காரின் சக்கரத்துக்கடியில் வெடிக்கும். காளான் காலத்தில் ஊரே குனிந்த தலையோடு நடக்கிறது. ஒன்று சொல்லிவைக்கிறேன்: காட்டில் முளைக்கும் காளான் நிலத்துக்காரருடைய சொத்து. பையை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் யாருடைய காடு என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இந்த உயிர்வேலிகளைப் பார்த்து 'எவ்வளவு பசுமை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். 1950-க்குப் பிறகு பிரான்சில் இருந்த வேலிகளில் ஏறத்தாழ 70 சதவீதம் அழிந்துவிட்டது. துண்டு துண்டாக இருந்த நிலங்களை ஒன்றுசேர்த்தார்கள், டிராக்டர் திரும்ப இடம் வேண்டியிருந்தது, வேலி பிடுங்கப்பட்டது. 2023-இல் அரசே ஒரு திட்டம் அறிவித்து, பிடுங்கியதை மீண்டும் நடச் சொன்னது. எங்கள் பக்கத்தில் நிலம் மேடும் பள்ளமுமாக, பெரிய இயந்திரத்துக்கு வாகில்லாமல் கிடந்ததால் பழைய வேலிகள் ஓரளவு தப்பின.

காட்டின் கதை இதற்கு நேர்மாறானது. பீடபூமியில் இன்று மலைமலையாக நிற்கும் டக்ளஸ் ஊசியிலை மரங்களைப் பார்ப்பவர்கள், ஆதிகாலந்தொட்டு இங்கே காடுதான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இது ஆடுகள் மேயும் வெட்டவெளி, மரம் அரிது. ஆட்கள் போனார்கள். மேய்க்க ஆளில்லாத நிலத்தில் மரம் நட்டார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருமளவில். ஆகவே காடு அடர்ந்த இடம் என்றால் ஊர் காலியான இடம் என்று வாசித்துக்கொள்ளலாம். இப்போது அந்த மரங்கள் வெட்டும் வயதுக்கு வந்துவிட்டன. பெரிய இயந்திரம் ஒரு முழுச் சரிவையும் மொட்டையடித்துவிட்டுப் போகிறது. மரம் விற்றவருக்கு அது சேமிப்பு, வாங்கியவருக்கு வியாபாரம், கீழே ஊற்றுத் தண்ணீர் குடிக்கிறவருக்கு வயிற்றெரிச்சல். மேரி எனப்படும் ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் நான் கேட்ட உரத்த சண்டைகளில் பாதி இதைப் பற்றியவை.

மாவட்டத்தின் வடக்கே ஃபிரெசெலின் என்ற ஊரில் 1889 வசந்தத்தில் ஓவியர் மொனே தங்கி, க்ரூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் திரும்பத் திரும்ப வரைந்தார். குளிர்காலத்து மொட்டை மரமாக ஓர் ஓக் மரத்தை வரைந்துகொண்டிருந்தபோது மழையும் குளிரும் இழுத்தடித்தன. அதற்குள் மரம் துளிர்த்துவிட்டது. மனிதர் நிலத்துக்காரருக்குப் பணம் கொடுத்து, ஆள் வைத்து இலைகளையெல்லாம் பறித்துவிட்டு ஓவியத்தை முடித்தார். வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்கள் மனத்திலுள்ள படத்துக்கு ஏற்றபடி ஊரைத் திருத்தப் பார்ப்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

சரி, ஆட்கள் எங்கே போனார்கள்? நீங்கள் இருக்கும் இடத்துக்குத்தான். 1851-இல் இந்த மாவட்டத்தில் 2,87,000 பேர் இருந்தார்கள். இன்று 1,15,000 அளவில்தான். பிரான்சின் பெருநிலத்தில் இதைவிட மக்கள் குறைந்த மாவட்டம் லொசேர் ஒன்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இங்குள்ள ஆண்கள் வசந்தம் பிறந்ததும் பாரிசுக்குப் போனார்கள், ரயில் வரும்வரை நடந்தே. கல் சுமந்தார்கள், சாந்து குழைத்தார்கள், சுவர் எழுப்பினார்கள். குளிர் தொடங்கும்போது காசோடு ஊர் திரும்பினார்கள். நீங்கள் இன்று படமெடுத்து ஊருக்கு அனுப்பும் பாரிசின் பெருந்தெருக் கட்டடங்களில் க்ரூஸ் கொத்தனார்களின் கை இருக்கிறது. மார்த்தான் நாதோ என்பவர் அவர்களில் ஒருவர். 1830-இல், பதினான்கு வயதில், தகப்பனோடு பாரிஸ் போனார். நகரசபைக் கட்டடத்தைச் சுற்றியிருந்த சந்துகளில் ஓர் அறையில் பலர், ஒரு கட்டிலில் இருவர் என்று படுத்து வளர்ந்தவர்கள் அந்தத் தலைமுறையினர். பின்னாளில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1851 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நாடுகடத்தப்பட்டு இங்கிலாந்தில் ஆசிரியர் வேலை பார்த்தார். திரும்பி வந்து, வேலையில் அடிபடும் தொழிலாளிக்கு இழப்பீடு வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஓயாமல் போராடினார்.

அறைக்குப் பத்துப் பேர் என்று வாடகையைப் பங்கிட்டு, முறை வைத்துத் தூங்கிய நம் ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்து வீட்டு முதியவரிடம் நான் பாரிசில் இருந்த அறையைப் பற்றிச் சொன்னபோது, 'என் பாட்டனாரும் அப்படித்தான்' என்றார், வெகு சாதாரணமாக. அனுதாபம் காட்டுவார் என்று எதிர்பார்த்த எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். இந்த மடலை இப்போது எழுத வைத்தது அதுதான்.

நான் பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறேன். காலையில் ஆசிரியை ஒரு துண்டுத்தாளில் அன்றைய எண்ணிக்கையை எழுதி அனுப்புவார். அந்தத் தாளை வைத்துத்தான் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். எண் குறைந்துகொண்டே வருகிறது. பக்கத்துக் கொம்யூன்கள், அதாவது ஊராட்சிகள், சேர்ந்து நடத்தும் கூட்டுப் பள்ளி இது: சின்னப் பிள்ளைகள் ஓர் ஊரில், பெரியவர்கள் அடுத்த ஊரில், நடுவில் ஒரு பேருந்து. மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் ஓர் ஆசிரியையோடு இருப்பார்கள். பெரியவள் ஒருத்தி எழுத்துக்கூட்டி வாசிக்கும் சின்னவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து விரலால் வரியைக் காட்டிக்கொண்டிருப்பாள். ஆசிரியை அந்நேரம் மறுபக்கத்தில் வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுப்பார். அடுத்த செப்டம்பரில் எத்தனை வகுப்பு இருக்கும் என்பதைக் கல்வித்துறை குளிர்காலத்திலேயே எண்ணிக்கை பார்த்து முடிவு செய்கிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் குறைந்தால் ஒரு வகுப்பு போகும். வகுப்பு போனால் இருக்கும் இளம் குடும்பம் யோசிக்கும், வர நினைத்த குடும்பம் வராது, அடுத்த ஆண்டு பள்ளியே போகும். பெற்றோர்கள் படுக்கை விரிப்புகளில் பெயிண்டால் எழுதிப் பள்ளி வேலியில் கட்டுவார்கள். அந்த விரிப்புகளை மழை நனைத்துக்கொண்டிருக்கும்.

உங்கள் தமிழ் வகுப்பில் ஒரு பெஞ்சில் நான்கு பேர். இங்கே நான்கு பேர் வந்தால் ஒரு வகுப்பறை பிழைக்கும். இதற்கு மேல் நான் வாதாட வேண்டுமா?

வேண்டும்தான். பிள்ளைகளை எண்ணிக்கைக்காக ஊர்ப்புறத்துக்கு அனுப்பிய பழைய பாவம் ஒன்று இந்த மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 1962 முதல் 1984 வரை ரீயூனியன் தீவிலிருந்து 2,015 பிள்ளைகள் பெருநிலப் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டாலும் 'க்ரூஸின் பிள்ளைகள்' என்றே அவர்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. தீவில் பஞ்சமும் பிள்ளைப்பேறும் அதிகம், இங்கே ஊர்கள் காலி என்று கணக்குப் போட்டவர்களின் வேலை அது. அந்தத் தீவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த முன்னாள் பிரதமர் மிஷேல் தெப்ரேயின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. படிப்பு, நல்ல எதிர்காலம் என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தாளில் பெருவிரல் வைத்தார்கள். சிலருக்கு நல்ல வீடு வாய்த்தது. சிலர் பண்ணைகளில் கூலியில்லா வேலையாட்களானார்கள். ஊருக்குத் திரும்பவே முடியாமல் போனவர்கள் ஏராளம். 2014 பிப்ரவரியில் தேசியப் பேரவை தீர்மானம் போட்டு, அரசுக்கு இதில் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது. ரீயூனியன் தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் தீவு என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இது அடுத்த வீட்டுக் கதையல்ல.

அதனால்தான் சொல்கிறேன்: யாரையும் 'அனுப்பாதீர்கள்'. விவரம் சொல்லுங்கள், வந்து பார்க்க வழிசெய்யுங்கள், முடிவை அந்தக் குடும்பம் எடுக்கட்டும். அப்பாவும் அம்மாவும் கூடவே வரும் பிள்ளை மட்டுமே இந்தப் பள்ளிக்கு வேண்டும்.

விவரம் என்றால் கசப்பானதையும் சேர்த்துத்தான். கார் இல்லாமல் இங்கே வாழ முடியாது. ஒரு காரும் போதாது. கணவன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனதும் மனைவி கருங்கல் சுவருக்குள் நாள் முழுவதும் அடைபட்டுக் கிடந்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன். ஒரு குளிர்காலத்தோடு திரும்பிப் போய்விட்டார்கள். இருவருக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கும்வரை வீட்டுச் சாமான் கட்டாதீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். பாரிஸ் புறநகரில் ஓர் அறை வீட்டுக்குக் கேட்கும் விலைக்கு இங்கே தோட்டத்தோடு முழு வீடு கிடைக்கும் என்பது உண்மை. அந்த வீட்டின் கூரை எப்போது மாற்றப்பட்டது, கழிவுத்தொட்டி விதிப்படி இருக்கிறதா, எதைக் கொண்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் கையெழுத்துப் போட்டால், மிச்சம்பிடித்த காசு முழுவதும் இரண்டே ஆண்டில் கூரை வழியாகப் போய்விடும். விறகு என்றால் வெட்டி, இரண்டு கோடை காய்ந்த விறகு. ஈர விறகை மலிவாக வாங்கியவர் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மருத்துவர் விஷயம் மோசம். நாடு முழுவதும் அறுபது லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் குடும்ப மருத்துவர் இல்லை; எங்கள் பக்கத்தில் புதிதாக வருபவரைப் பதிந்துகொள்ளும் மருத்துவரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நீரிழிவோ இதய நோயோ உள்ள பெற்றோரை அழைத்து வருபவர்கள் வீட்டைத் தேடுமுன் மருத்துவரைத் தேட வேண்டும். கோயில் இல்லை. கறிவேப்பிலை இல்லை. தமிழ்ப் பிள்ளை வேறு ஒன்று இல்லாத வகுப்பில் நம் பிள்ளையின் தமிழ் வெகு விரைவில் வீட்டுக்குள் சுருங்கி, பிறகு சமையலறைக்குள் சுருங்கிவிடும்.

அரசியலையும் மறைக்க வேண்டாம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இந்த மாவட்டம் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசியப் பேரணியின் கூட்டணி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. பிரான்சின் மேற்கே பிரித்தானிப் பகுதியில் கலாக் என்ற சிற்றூர், அகதிக் குடும்பங்களை வரவேற்றுக் குடியமர்த்தத் திட்டம் போட்டது. வெளியிலிருந்து வந்த தீவிர வலதுசாரிகளின் மிரட்டலும் ஊர்வலமும் தாங்காமல் 2023 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. எங்கள் ஊரில் யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஓரளவு ஊகிக்கவே முடியும். நான் ஊகிக்கும் ஆட்களில் ஒருவர்தான் பனி கொட்டிய காலையில் தன் டிராக்டரால் என் வாசலை வழித்துவிட்டுப் போகிறவர். இதற்கு என்னிடம் விளக்கமில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

நாட்கள் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். கடை பன்னிரண்டுக்கு மூடினால் இரண்டுக்குத்தான் திறக்கும்; அதற்காகக் கோபப்பட்டுப் பயனில்லை. வெதுப்பகம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் வண்டியைப் போலவே இங்கேயும் ஒரு வண்டி வருகிறது. பாட்டு மட்டும் இல்லை, இரண்டு முறை ஹார்ன். வீட்டுக் கதவுகள் அப்போதுதான் திறக்கும். பாண் வாங்கும் அந்தச் சில நிமிடங்களில் யாருக்குக் காய்ச்சல், யார் வீடு விற்பனைக்கு, யாருடைய நாய் யாருடைய கோழியைப் பிடித்தது என்ற முழுச் செய்தியும் கிடைத்துவிடும். 1960 வாக்கில் பிரான்சில் ஏறத்தாழ 2,00,000 காப்பிக்கடைகள் இருந்தனவாம், இன்று 40,000-க்கும் கீழே. எங்கள் ஊர்க் கடையும் போன கணக்கில்தான். ஆகவே பாண் வண்டியைத் தவறவிடாதீர்கள்.

மேரி வாரத்தில் இரண்டு அரைநாள் திறக்கும். செயலாளர் அம்மையார் மற்ற நாட்களில் அடுத்த ஊர்களின் மேரியில் இருப்பார். இந்த நாட்டில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள்; பாதிக்கு மேல் ஐந்நூறு பேர்கூட இல்லாதவை. அப்படிப்பட்ட ஊரின் மேயரைச் சந்திக்க முன்பதிவு வேண்டியதில்லை, வடிகால் அடைத்துக்கொண்ட இடத்தில் கம்பியோடு நிற்பார். பாரிஸ் புறநகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் என் நகரத்து மேயரின் முகத்தைச் சுவரொட்டியில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே வந்த முதல் வாரமே ஊர் மேயர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க எந்த வால்வை எப்போது மூட வேண்டும் என்று காட்டினார். ஊர்விழாக் குழு ஒன்று இருக்கும். ஜூலை 14 விருந்துக்கும் லோட்டோ விளையாட்டுக்கும் பொது மண்டபத்தில் மேசை தூக்க அதற்கு எப்போதும் ஆள் தேவை. மேசை தூக்குங்கள். பிரெஞ்சு இலக்கணம் திருந்துவதற்கு முன்பே உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். விருந்தில் இந்த மாவட்டத்து உருளைக்கிழங்குப் பலகாரம் வரும்: மாவுத் தகடு இரண்டுக்கு நடுவே மெல்லச் சீவிய கிழங்கு, வெந்து வந்ததும் மேல்மூடியை வட்டமாக வெட்டித் திறந்து உள்ளே பாலாடையைக் கொட்டுகிறார்கள். பச்சைமிளகாய் போடலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். செய்த அம்மையார் நீண்டநேரம் என்னைப் பார்த்தார்.

சத்தத்தைப் பற்றி ஒரு சொல். பட்டணத்திலிருந்து வந்து வீடு வாங்கிவிட்டு, சேவல் கூவுகிறது, கோயில்மணி அடிக்கிறது, சாணம் நாறுகிறது என்று வழக்குப் போடுகிறவர்கள் இந்த நாட்டில் உண்டு. ஒலெரோன் தீவில் மொரிஸ் என்ற சேவல் மீது தொடுத்த வழக்கு உலகச் செய்தியானது. 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் ஜிரோந்த் மாவட்டத்துக் கஜாக் ஊரின் மேயர் ஒரு திறந்த மடல் எழுதினார்: மாடு கத்துவதும் சேவல் கூவுவதும் மணியடிப்பதும் நாட்டின் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட வேண்டும் என்று. பலர் சிரித்தார்கள். 2021 ஜனவரி 29-இல் ஊர்ப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் பாரம்பரியமாக ஏற்கும் சட்டம் வந்தது. திறந்த மடல் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். இன்னொன்று, மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் தீயணைப்புச் சங்கு சோதனைக்காக ஊளையிடும். வன்னியிலிருந்து வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வந்து பாருங்கள் என்று சொன்னேன். வந்தால் ஜான்சியூவுக்கு அழைத்துப் போகிறேன். பிரான்சில் எந்த ஊருக்குப் போனாலும் முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கல் ஒன்று நிற்கும். பெரும்பாலும் போர்வீரன் சிலை, வெற்றி வாகை, 'தாய்நாட்டுக்காக'. ஜான்சியூவில் 1922-இல் எழுப்பியது வேறு மாதிரி. பள்ளி மேலங்கியும் மரச்செருப்பும் அணிந்த அநாதைச் சிறுவன். தொப்பியைக் கழற்றி ஒரு கையில் பிடித்திருக்கிறான். மறுகை முஷ்டியாக உயர்ந்து பெயர்ப் பட்டியலை நோக்கி நிற்கிறது. கீழே ஒரே வரி: போர் நாசமாய்ப் போகட்டும். அரசுப் பிரதிநிதிகள் இதைத் திறந்துவைக்க மறுத்தார்கள். பல பத்தாண்டுகள் அதிகாரபூர்வமான திறப்பே நடக்கவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று போரை வெறுப்பவர்கள் அங்கே கூடுகிறார்கள். அந்தப் பட்டியலில் ஒரே குடும்பப் பெயர் மீண்டும் மீண்டும் வருவதைப் பாருங்கள்: அண்ணன், தம்பி, சித்தப்பா மகன். இறந்தவர் பெயரைக் கல்லில் எழுதவே விடாத இடத்திலிருந்து வந்தவன் நான். இவ்வளவு சிறிய ஊர் தன் சாபத்தை இவ்வளவு தெளிவாக எழுதி நடுச்சந்தியில் வைத்திருப்பதை முதலில் கண்டபோது, பிள்ளைகளுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஆண்டுதோறும் கேளிக்கைப் பூங்காவுக்குப் பேருந்து பிடிக்கிறீர்கள். ஓர் ஆண்டு அந்தப் பேருந்தை ஊர்ப்புறத்துக்குத் திருப்புங்கள். க்ரூஸ்தான் என்றில்லை, நிவேர், கந்தால், மேல்மார்ன், எங்கே வேண்டுமானாலும் இதே நிலைமைதான். மேரிக்கு முன்கூட்டியே எழுதினால் பொது மண்டபத்தைத் திறந்து தருவார்கள். வீட்டு ஆலோசனைக்கு வருபவர்களிடம் என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். முதியோர் இல்லப் பராமரிப்பு, வீட்டுக்கே போய் முதியோரைக் கவனிப்பது, கட்டட வேலை, சமையல், கனரக வாகனம் ஓட்டுவது, இறைச்சி வெட்டுவது இவற்றில் கை பழகியவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. மூத்தோர் விகிதம் நாட்டிலேயே மிக உயர்ந்த மாவட்டங்களில் இது ஒன்று. கடையோ சிறுதொழிலோ தொடங்க நினைப்பவர்களுக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஊர்ப்புற மறுமலர்ச்சித் திட்டப்படி, தகுதியுள்ள கொம்யூன்களில் முதல் ஐந்தாண்டுக்கு வருமான வரிவிலக்கு உண்டு. இந்த ஒரு தகவலை உங்கள் மாதமலரில் போட்டாலே போதும், மிச்சத்தைக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்வார்கள்.

வருபவர்கள் தனித்தனியாக வர வேண்டாம். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒருவருக்கொருவர் கார் ஓட்டும் தூரத்தில் குடியேறினால் பிள்ளைகளின் மொழியும் பெண்களின் மனமும் தாங்கும். உங்கள் தமிழ் வகுப்பில் ஒன்றையாவது இணையவழியில் இங்குள்ள பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் செய்தீர்கள், செய்ய முடியாததல்ல. அடுத்த செப்டம்பருக்குப் பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் குளிர்கால எண்ணிக்கைக்கு முன்பே மேரியில் பெயர் கொடுக்க வேண்டும். கோடையில் வந்து கேட்டால் வகுப்பை மூடியிருப்பார்கள்.

நிர்வாகக் குழுவில் யாராவது இருவர் மார்ச்சுக்கு முன் ஒரு வாரயிறுதியில் வருவதாக இருந்தால், லா சூத்தரேன் நிலையத்துக்குக் காரோடு வருகிறேன். தங்க இடமும் சோறும் என் பொறுப்பு. தடித்த காலணி கொண்டுவாருங்கள். திரும்பும் டிக்கெட்டைத் திங்கட்கிழமைக்குப் போடாதீர்கள், அன்று பாண் வண்டிகூட வராது.

அன்புடன்,
க்ரூஸ் மாவட்டத்துப் பள்ளிச் சமையலாளர் ஒருவர்